கோட்டை வாசலிலிருந்து கோணேசர் மலை வரை: கவன நடைக்கு இந்தப் பாதை எப்படி?

திருகோணமலையில் கவனத்தோடு நடந்து பழக ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் யாரைக் கேட்டாலும் பிரெட்றிக் கோட்டையைத்தான் கைகாட்டுவார்கள். கோட்டை வாசலில் தொடங்கி, இராணுவ முகாம் கட்டடங்களுக்கும் பெரிய மரங்களுக்கும் நடுவே போய், மேடேறி, கோணேசர் கோயிலில் முடியும் தார் வீதி அது. ஒரு வழித் தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை. விடியவே கோயிலுக்குப் போகிற சனம் நடமாடத் தொடங்கிவிடும்.

நல்ல பாதைதான். ஆனால் முழுப் பாதையும் ஒரே தரம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். எங்கள் கணிப்பில் வாசலுக்கு 10க்கு 3 புள்ளி, நடுவில் வரும் மரநிழல் துண்டுக்கு 9, மேட்டுக்கு 7, உச்சிக்கு 4. இந்த 4 கோயிலுக்குப் போட்ட புள்ளி இல்லை. நடந்து பழக அந்த இடம் எவ்வளவு உதவுகிறது என்பதற்கு மட்டும் போட்டது. ஊரிலேயே மிக அழகான காட்சி உள்ள இடத்துக்கு ஏன் இவ்வளவு குறைவு என்பதைக் கீழே சொல்கிறோம்.

கவன நடை என்றால், கால் நிலத்தில் படுவதையும் உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறுவதையும் அந்தந்த நேரத்திலேயே உணர்ந்தபடி நடப்பது. மனம் வேறெங்காவது போனால், போய்விட்டது என்று கண்டுகொண்டு திரும்பக் காலுக்கு வருவது. இவ்வளவுதான். மைன்ட்புல்னஸ் என்ற பெயரில் இப்போது எல்லா இடத்திலும் பேசப்படுவதால் புதிதுபோலத் தெரிகிறது. 1979இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபட்-சின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான் இதை ஆஸ்பத்திரிகளுக்குள் கொண்டுபோனது. அவர் எடுத்த இடம் பௌத்தத் தியான மரபு. சிங்களத்தில் இதைச் சக்மன் பாவனா என்பார்கள். காட்டு ஆச்சிரமங்களில் இதற்கென்றே மட்டமாக்கி மணல் பரப்பிய குறுகிய பாதை இருக்கும். துறவிகள் அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து திரும்புவார்கள். சைவர்களுக்கும் இது அந்நியமில்லை. குதிக்கால் மறுகாலின் பெருவிரலைத் தொட, அடிமேல் அடியாக அடிப்பிரதட்சணம் செய்பவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வீதி முழுவதும் அவருடைய கவனம் காலில்தான் இருக்கும்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: தாய்லாந்தில் நடந்த இரண்டு சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. 2014இல் வெளியானதில் மனச்சோர்வுள்ள முதியவர்களும், 2016இல் வெளியானதில் இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்களும் 12 வாரம், வாரத்துக்கு 3 நாள் நடந்தார்கள்: ஒரு குழு கவனத்தோடு, இன்னொரு குழு சும்மா. முதலாவதில் சும்மா நடந்தவர்களைவிடக் கவனத்தோடு நடந்தவர்களுக்குச் சோர்வு நன்றாகக் குறைந்தது. இரண்டாவதில் மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு இறங்கியது கவன நடைக் குழுவுக்கு மட்டும். இரண்டிலும் ஐம்பது பேர்கூட இல்லை. ஆகவே நடக்கத் தொடங்கலாம். அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

வாசல்

கல் வளைவுக்குள் வாகனமும் ஆளும் ஒரே இடைவெளியால்தான் போகவேண்டும். உள்ளே ஓர் ஓட்டோ ஹோர்ன் அடித்தால் சத்தம் கல்லில் மோதி இரட்டிப்பாகக் கேட்கும். இங்கே கண்ணும் காதும் வெளியேதான் இருக்க வேண்டும். காலைக் கவனிக்கும் வேலையை இந்த இடத்தில் தொடங்குவது ஆபத்து, அதனால்தான் 3 புள்ளி. நின்று பார்க்க மட்டும் ஒன்று இருக்கிறது: வாசல் கல்லில் பொறித்த இரட்டைக் கயலும் அதன் பக்கத்துப் பழைய தமிழ் எழுத்துகளும். போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துக் கட்டிய கோட்டை இது. 1639இல் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தது. பிரெட்றிக் என்ற பெயர் 1803இல்தான் வைக்கப்பட்டது. வாகனம் வராத பக்கமாக ஒதுங்கி நின்று அந்தக் கயலை ஒரு நிமிடம் பாருங்கள். ஊருக்குள்ளிருந்து வந்த அவசரம் அதிலேயே பாதி இறங்கிவிடும்.

போனை ஏரோபிளேன் மோட்டில் போடவேண்டிய இடமும் இதுதான். சைலன்ட் போதாது. பையில் அதிரும் போன் ஒவ்வொரு தடவையும் கவனத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

மரநிழல் துண்டு

வாசலைக் கடந்து உள்ளே போனதும் வீதி கொஞ்சத் தூரம் ஏறக்குறைய மட்டமாகப் போகிறது. ஓரத்தில் பெரிய மரங்கள். அடியில் புள்ளிமான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பாதையின் சொத்தே இந்தத் துண்டுதான். மட்டமான நிலம், நிழல், சொல்லும்படியான காட்சி எதுவும் இல்லை: பழகுபவருக்கு இந்த மூன்றும் வேண்டும். பலர் இதை மலைக்குப் போகும் வழி என்று நினைத்துக் கெதியாகக் கடந்துவிடுகிறார்கள். 20 நிமிடம் கையில் இருந்தால் 12 நிமிடத்தை இங்கேயே செலவழியுங்கள்.

செய்யும் முறை இது. வீதியை விட்டு இறங்கி, பொதுமக்கள் நடமாடும் பக்கத்து மண்ணோரத்தில் 20 முதல் 25 காலடி இடைவெளியுள்ள இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள். இரண்டு மரம் என்றால் வசதி. அந்த இடைவெளியில் ஒரு தடவை சாதாரணமாக நடந்து, வெளியே தள்ளி நிற்கும் வேர், உடைந்த போத்தல், சறுக்கும் சருகு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால் பயிற்சி முழுவதும் தடுக்கி விழுவோமோ என்ற எண்ணமே ஓடும்.

பிறகு முதல் மரத்தடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு கைப்பிடி அகலம் இருக்கட்டும். முழங்காலைப் பூட்டாமல் இலேசாகத் தளர்த்துங்கள். பாரம் குதிக்காலில் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா, இடது கூடவா வலது கூடவா என்று பாருங்கள், திருத்த வேண்டாம். கையை முன்னாலோ பின்னாலோ கோத்துக்கொள்ளலாம். கை ஆடாமல் இருந்தால் கவனம் காலில் நிற்பது சுலபம். பார்வை இரண்டு மூன்று மீற்றர் முன்னால் நிலத்தில் படட்டும்.

நடக்கும்போது ஒரு காலடியை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தூக்குவது, முன்னே கொண்டுபோவது, வைப்பது. பர்மாவின் மகாசி சயாடோ மரபில் ஒவ்வொன்றையும் மனதுக்குள் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். தமிழில் ‘தூக்கு, நகர்த்து, வை’ என்று சொல்லிக்கொண்டால் போதும். சொல்லுக்குக் கவனத்தில் சிறு பங்கைத்தான் கொடுக்க வேண்டும். பெரும்பங்கு காலில் தெரியும் உணர்ச்சிக்கு. குதிக்கால் எழும்போது கெண்டைக்கால் இறுகும். கால் காற்றில் போகும்போது பாரமே இல்லாததுபோல இருக்கும். வைக்கும்போது முதலில் குதிக்கால், பிறகு பாதத்தின் வெளி ஓரம், பிறகு பெருவிரலடி என்று அழுத்தம் உருண்டு வரும். செருப்புக்கு வெளியே சருகு நொறுங்குவதுகூடப் பாதத்துக்குத் தெரியும். மறு மரத்துக்கு வந்ததும் உடனே திரும்பாதீர்கள். நில்லுங்கள், ஒரு மூச்சு, பிறகு மூன்று நான்கு சிறு காலடிகளில் திரும்பி, மறுபடியும் நின்று, தொடங்குங்கள். மனம் அதிகமாக நழுவுவது இந்தத் திருப்பத்தில்தான். அதனால்தான் நீளமான பாதையைவிடக் குட்டிப் பாதை நல்லது. நிமிடத்துக்கு ஒரு தடவையாவது திருப்பம் வந்து ஆளைத் தட்டியெழுப்பும்.

முதல் வாரம் 5 நிமிடம் போதும். இரண்டாம் வாரம் 10. அதற்கு மேல் மெல்ல நடக்கத் தேவையில்லை. மிச்ச நேரத்தைச் சாதாரண வேகத்துக்கு விடுங்கள்.

மான்களைப் பற்றி ஒரு சொல். ஆறுதலாக நடப்பவரைக் கண்டு அவை எழும்புவதில்லை, காதை மட்டும் திருப்பிப் பார்க்கும். கெதியாகக் கிட்டப் போனால் முதலில் தலை நிமிரும், பிறகு முன்கால் மடங்கியபடியே உடம்பு இறுகும். அந்த இறுக்கத்தைக் கண்ட இடத்தில் நின்றுவிட வேண்டும். நடை உண்மையிலேயே தணிந்திருக்கிறதா என்று சொல்ல இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கைக்கடிகாரத்திலும் இல்லை. தின்னக் கொடுக்காதீர்கள். பொலித்தீன் பையோடு சேர்த்துத் தின்று சாகிற மான்கள் இந்த ஊரில் உண்டு. ஒரு பிஸ்கட் உறைகூடப் பின்னால் விழக் கூடாது.

எங்கே பிழைக்கும், ஏன்

அநேகர் முதல் நாளே சொல்வது: தள்ளாடுகிறது. நடை மெதுவாகும்போது ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடுகிறது, சமநிலைக்கு வேலை கூடுகிறது. கூடவே பலர் ஒரே கோட்டில் கால் வைக்கப் பார்க்கிறார்கள். பாதங்களுக்கு நடுவே அந்தக் கைப்பிடி இடைவெளியை விட்டுக் காலடியைக் குறுக்கினால் தள்ளாட்டம் நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மிக மெதுவாக நடப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

இரண்டாவது, கழுத்து நோவும் தலைச்சுற்றும். காலைக் கவனிக்கச் சொன்னால் காலைக் குனிந்து பார்க்கிறார்கள். பாதத்துக்குள் இருந்து தெரிவதைத்தான் கவனிக்க வேண்டும், கண்ணுக்கு அதில் வேலை இல்லை. மூன்றாவது, மூச்சை அடக்குவது. காலைத் தூக்கும்போது தெரியாமலே மூச்சை நிறுத்திவிட்டு, வைக்கும்போது விடுவார்கள். பத்துக் காலடிக்குள் நெஞ்சு இறுகும். ‘தூக்கு, நகர்த்து, வை’ என்பதை முணுமுணுப்பாக வாயால் சொன்னால் மூச்சு தானாக ஓடும். பழகியதும் மனதுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

மனம் ஓடுவதைப் பிழை என்று நினைப்பதுதான் பெரிய பிழை. சமையல், கடன், பிள்ளையின் ரியூசன், எல்லாம் வரும். வந்தது தெரிந்தவுடன் ‘நினைப்பு’ என்று ஒரு சொல்லால் குறித்துவிட்டு, அடுத்துப் படப்போகிற குதிக்காலுக்கு வாருங்கள். 25 காலடியில் பத்துத் தடவை ஓடினால் பத்துத் தடவை திரும்பியிருக்கிறீர்கள். பயிற்சி என்பது அந்தத் திரும்பல்தான்.

மேடு

நிழல் துண்டு முடிந்து வீதி ஏறத் தொடங்கும்போது முறையை மாற்ற வேண்டும். மூன்றாகப் பிரித்து நடப்பது ஏற்றத்தில் சரிவராது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இங்கே மூச்சையும் காலடியையும் சேர்த்து எண்ணலாம். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் பரப்பிய முறை இது. மட்டத்தில் மூச்சை இழுக்க 3 காலடி, விட 4 என்று வருபவருக்கு மேட்டில் 2க்கு 2 அல்லது 2க்கு 3 என்று குறையும். எண்ணிக்கையை மூச்சு சொல்ல வேண்டும். எண்ணிக்கைக்காக மூச்சை இழுத்துப் பிடித்தால் பாதி மேட்டில் மயக்கம் வரும். கையைக் கோக்காமல் விடுங்கள், ஏற்றத்தில் கை ஆடத்தான் வேண்டும்.

சைவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, எங்களுக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு காலடிக்கு ஓர் எழுத்தாக ந, ம, சி, வா, ய. ஐந்து ஒற்றைப்படை என்பதால், முதல் சுற்றில் ‘ந’ இடது காலில் விழுந்தால் அடுத்த சுற்றில் வலது காலில் விழும். அதற்கடுத்து மறுபடியும் இடது. மனம் நழுவிய உடனே இந்த மாற்றம் குழம்பிவிடும், அல்லது எந்தக் காலில் தொடங்கியது என்றே தெரியாமல் போகும். நான்கு எழுத்தோ ஆறெழுத்தோ சொன்னால் எப்போதும் ஒரே காலில் தொடங்கிச் சொல் இயந்திரம்போல ஓடிக்கொண்டிருக்கும், மனம் எங்கேயோ இருக்கும். மேலே சொன்ன தாய்லாந்து நீரிழிவு ஆய்வில் ‘புத்’, ‘தா’ என்ற இரண்டு அசைகளைக் காலுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். தொடக்கத்துக்கு இரண்டசை சுலபம், பழகியவர்களுக்கு ஐந்து. இஸ்லாமியர்கள் திக்ர் ஓதும் சொற்களையும், கிறிஸ்தவர்கள் தங்கள் ஜெபத்தையும் இதேபோல் காலடியில் வைத்துக்கொள்ளலாம்.

மேட்டுக்கு 7தான் கொடுத்தோம். வாகனம் காரணம். நடைபாதை என்று தனியாக ஒன்று இல்லாத இடங்களில் வளைவில் வான் வந்தால் ஓரம் போதாது. இறங்கி வரும் வாகனம் முகத்துக்கு நேரே தெரியும் பக்கமாக, அதாவது வலது ஓரமாக ஏறுங்கள்.

உச்சி

கடைகள் தொடங்கும் இடத்தில் பயிற்சியை முடித்துவிடுங்கள். விளையாட்டுச் சாமான், அர்ச்சனைத் தட்டு, இளநீர், ஒலிபெருக்கி, படம் எடுக்கும் கூட்டம் எல்லாம் கலந்த இடம். அதைத் தாண்டினால் கடல். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் நின்று கீழே பார்ப்பவருக்குக் காலின் நினைவே இருக்காது. மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் நீலத்திமிங்கிலம் விடும் நீர்ப்புகைகூடத் தெரியும். அதைப் பார்க்கத்தான் வேண்டும், முழு மனதோடு பார்க்க வேண்டும். ஆனால் அது வேறு வேலை. நடந்து பழகுவதற்குக் கண்ணை இழுக்கும் காட்சி இடைஞ்சல். 4 புள்ளிக்குக் காரணம் அவ்வளவுதான்.

கோயில் எல்லைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். வெறுங்காலில் கல்லின் குளிர்ச்சியும், தண்ணீர் ஊற்றிய இடத்தின் வழுக்கலும், மணல் துகளும் தனித்தனியாகத் தெரியும். பழகியவர்கள் பிரகாரத்தை ஒரு தடவை ஆறுதலாகச் சுற்றலாம். வெயில் ஏறிய பிறகு இதைச் செய்யாதீர்கள். காலை 8 மணிக்கு முன், அல்லது பின்னேரம் 5க்குப் பின். நடுப்பகலில் அந்தக் கல் சுடும் சூட்டில் எல்லாரும் ஓடித்தான் போவார்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது கட்டாயம்: பாதத்தில் விறைப்போ உணர்ச்சிக் குறைவோ இருந்தால் சூடான தரையில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது. சுட்டதும் தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் சீனி குறைக்கும் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் மலையேற வேண்டாம். சட்டைப் பையில் நாலு ரொபி இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் அதைக் கவனித்துக்கொண்டு நடக்காமல் உடனே உட்கார்ந்து வாயில் போடுங்கள்.

மற்ற இடங்கள்

கோட்டைக்குத் தெற்கே டச்சுக்குடாக் கடற்கரை. வெறுங்காலில் பழக ஊருக்குள் இதைவிட நல்ல இடம் இல்லை, அதுவும் அலை நனைத்து இறுகிய மணலில். உலர்ந்த மணலில் கால் புதைந்து குதிநரம்பு இழுபடும். ஈர மணலில் பாதம் முழுசாகப் பதியும், திரும்பி வரும்போது உங்கள் தடத்தையே பார்க்கலாம்: எந்தக் கால் வெளிப்பக்கம் திரும்புகிறது, எந்தக் குதி ஆழமாக விழுகிறது என்று மணல் காட்டிக்கொடுக்கும். கவனிக்க வேண்டிய ஒன்று, கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நெடுந்தூரம் போனால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே விழும். இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் நோகும். 100 காலடிக்கு ஒரு தடவை திரும்பி நடந்தால் இரண்டு பக்கமும் சமமாகும். கரையில் ஒதுங்கிய சொறியை (ஜெலி மீனை) மிதிக்காதீர்கள், செத்துக் கிடந்தாலும் கொட்டும். தூண்டில் ஊசியும் உடைந்த போத்தலும் உண்டு, ஆகவே வெளிச்சம் வருமுன் வெறுங்கால் வேண்டாம். காலையில் இதற்கு 9 புள்ளி, பின்னேரத்தில் 5. பின்னேரம் வடை, ஐஸ்கிரீம், பந்து, பட்டம் என்று நிறைந்துவிடும்.

உட்துறைமுக வீதி மாலைக்கு நல்லது. தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும், சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். ஆனால் அங்கே மெல்ல நடந்தால் பின்னால் வருபவர்கள் நெருக்குவார்கள். வேக நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி கரை நீளமானது. கரைவலை இழுக்கும் நேரத்தில் கயிற்றைத் தாண்ட வேண்டாம், சுற்றிப் போங்கள். காலையில் நாய்கள் உண்டு.

வேக நடை என்றதால் இதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி சொல்கிறது. மரத்தடியில் மெல்ல நடக்கும் 10 நிமிடம் அந்தக் கணக்கில் சேராது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 காலடி நடந்தால்தான் மிதமான பயிற்சி. 15 செக்கனில் 25 காலடி வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேகத்திலும் கவனம் முடியும். பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது, ‘இடது, வலது’ என்று மட்டும் தொடருங்கள்.

செருப்பும் குரலும்

தடித்த பஞ்சுபோன்ற அடியுள்ள ஓட்டச் சப்பாத்து காலுக்கு இதமாக இருக்கும், இந்தப் பயிற்சிக்கு அரைகுறைதான். நிலம் பாதத்துக்குத் தெரியாது. றப்பர் பாட்டாவில் வேறு சிக்கல்: அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். கால்மணி நேரத்தில் பாதத்தின் மேல்பக்கமும் முன்காலும் உளையும். மெல்லிய அடி, குதிக்காலுக்குப் பின்னால் வார், இரண்டும் உள்ள சாண்டல்தான் எங்கள் தெரிவு. கன்வஸ் சப்பாத்தும் சரி. புதிதாக வாங்கினால் பின்னேரத்தில் போட்டுப் பாருங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

வழிநடத்தும் ஒலிப்பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இரண்டு குறை: இடைவிடாமல் பேச்சு, பின்னால் இசை. பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர் காலைக் கவனிப்பதில்லை. அதைவிட உங்கள் குரலிலேயே போனில் ஆறு வரி பதிந்துகொள்ளுங்கள். ‘நிற்கிறேன், பாரம் எங்கே’, ‘தூக்கு, நகர்த்து, வை’, ‘மூச்சு ஓடுகிறதா’, ‘தோள் இறங்கட்டும்’, ‘மனம் எங்கே, குதிக்காலுக்கு வா’, ‘நில், திரும்பு’. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒன்றரை நிமிடம் மௌனம் விட்டால் ஏறக்குறைய 10 நிமிடம் வரும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மற்றக் காது வாகனத்துக்கு. இரண்டு வாரத்தில் அதுவும் தேவைப்படாது.

யாருக்குச் சரிவராது

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட ஊர் இது. உடம்பை உள்ளே கவனிக்கத் தொடங்கும்போதோ, அலைச் சத்தத்துக்குப் பக்கத்திலோ, காவலரணைக் கடக்கும்போதோ சிலருக்கு நெஞ்சு படபடத்து, பழைய காட்சிகள் எழும்பி வரும். அது பயிற்சியில் வரும் பிழை இல்லை, பொறுத்துக்கொண்டு தொடர வேண்டியதும் இல்லை. நிறுத்துங்கள். கண்ணை நிமிர்த்திச் சுற்றியுள்ள ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள், மரத்தைக் கையால் தொடுங்கள், கூட வந்தவரோடு பேசுங்கள். அடுத்த தடவை கடலும் கோட்டையும் வேண்டாம். வீட்டு வளவில், வேலியோரமாக, தெரிந்த ஓர் ஆளோடு 3 நிமிடம் போதும். திரும்பத் திரும்ப வந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். கண்ணை மூடி நடக்கச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் இந்த ஊரில் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

காலமும் நேரமும்

இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.50க்கும் 6.25க்கும் இடையில் எழும்பும். அதையொட்டிய ஒன்றரை மணி நேரம்தான் கோட்டைப் பாதைக்குச் சரி. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் 8 மணிக்கே தோல் வரண்டுவிடும், வியர்வை தெரியாமலே காய்வதால் தாகமும் பிந்தித்தான் தெரியும். அரை லீற்றர் தண்ணீர் கையில் வேண்டும். ஒக்ரோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை மாரி மழை. அந்த மாதங்களில் மரத்தடி மண் பாசி பிடித்து வழுக்கும், இடியும் உண்டு. மழை விட்ட காலையில் தார் வீதியிலேயே பழகுங்கள். வெள்ளிக்கிழமை, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில் வாகனம் கூடும். செவ்வாய், புதன் விடியல் நல்லது. முகாம் பகுதி என்பதால் அடையாள அட்டை இருக்கட்டும். பலகை போட்ட இடங்களில் படம் எடுக்க வேண்டாம், மண்ணோரத்தில் நடக்கும்போது காவலாளி வேறு பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

இறக்கத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஏறும்போது நெஞ்சுக்கு வேலை, இறங்கும்போது முழங்காலுக்கு. காலடியைப் பாதியாகக் குறுக்கி, முழங்காலை இலேசாக மடித்து, பாதம் முழுவதையும் ஒரேயடியாக வைத்து இறங்குங்கள். குதிக்காலைக் குத்தி இறங்கினால் மறுநாள் படி ஏற முடியாது. மட்டத்துக்கு வந்ததும் அதே இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பழையபடி ‘தூக்கு, நகர்த்து, வை’. போகும்போது இருந்ததைவிடக் கால் பாரமாகவும் சூடாகவும் இருக்கும், பாதம் நிலத்தில் படும் இடம் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு வளைவு வரும். அதற்கு முன் தலையை நிமிர்த்தி, ஹோர்ன் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போங்கள். போனை வளைவைத் தாண்டிய பிறகே போடுங்கள்.